கிட்டு போட்ட மூன்றாம் பாதை

கிட்டுவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், விசாலம் "மின்சார லைனுக்கு ப்ளான் போடறார்" என்று சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள். அவள் சொன்னது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. முழுவதையும் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். எங்கோ ஒரு பொட்டல் காட்டில் வெயிலைப் பிடித்து மின்சாரம் ஆக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஊருக்குக் கொண்டுவர வழியெல்லாம் டவர் நட்டுக் கம்பி இழுக்க வேண்டும். எந்த வழியாக இழுப்பது என்பதைக் கம்பெனிக்காரர்கள் தங்கள் இஷ்டத்துக்கு முடிவு செய்துவிட முடியாது. மூன்று பாதைகளைக் காட்ட வேண்டும். மூன்றையும் அலசி, இன்னின்ன காரணத்தால் இதுவே உத்தமம் என்று எழுதிக் கொடுத்தால்தான் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் ஃபைலையே பிரிப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கம்பெனிக்கு எந்த வழி வேண்டும் என்பது முதல் நாளே முடிவாகிவிடுகிறது. அது முதல் பாதை. மீதி இரண்டும், பெண் பார்க்கப் போகும்போது கூடப் போகிற சித்தப்பா, பெரியப்பா மாதிரி, சபை நிறைய வேண்டுமே என்று வருபவை.

அந்தச் சித்தப்பா பெரியப்பாக்களைத் தயாரிப்பதுதான் கிட்டுவின் உத்தியோகம். புணேயில், ஔந்தில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் இருந்த ஆலோசனைக் கம்பெனியில், டிரேசிங் பேப்பரும் ரப்பருமாக இருந்த காலத்தில் சேர்ந்தவர், கம்ப்யூட்டர் வந்து, சாட்டிலைட் படம் வந்து, தலை முழுக்க நரைத்த பிறகும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். தோற்கப்போகிற பாதைகளைப் போடுவார். அவை தோற்கும். இவர் ஜெயித்ததாக அர்த்தம்.

இது லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கட்டும். எடுத்த எடுப்பில் ஏரிக்கு நடுவே கோடு இழுத்தால், 'என்னை என்னவென்று நினைத்துக்கொண்டாய்' என்று அதிகாரிக்குக் கோபம் வந்துவிடும். பாதை பார்வைக்கு யோக்கியமாக இருக்க வேண்டும். ஜெயிக்க ஆசைப்படுவதுபோல் தெரிய வேண்டும். கடைசிப் பக்கம்வரை ஓடி வந்து அங்கே தடுக்கி விழ வேண்டும். இரண்டாம் பாதைக்குக் கிட்டு வழக்கமாகக் காட்டின் ஒரு ஓரத்தையும் ஒரு ரயில் தண்டவாளத்தையும் சேர்ப்பார். மூன்றாம் பாதைதான் அவருடைய செல்லம். அது வளைந்து வளைந்து போகும். டவர் வரிசை எங்கே திரும்புகிறதோ அங்கே நிற்கிற டவர் தடிமனாக, கனமாக இருந்தாக வேண்டும். அதனால் ஒவ்வொரு வளைவுக்கும் செலவு ஏறும், பாதை தானாகவே அடிபட்டுப் போகும்.

வளைவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் ஆபீசில் சொல்வதில்லை. காகிதத்தில்கூட ஒரு வீட்டின் மேல் கோடு போட அவருக்குக் கை வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மூன்றாம் பாதையைப் பற்றிக் காற்றுவாக்கில் கேள்விப்பட்ட விவசாயி ஒருவர், 'எப்படியும் லைன் வரப்போகிறதே' என்று வெட்டிக்கொண்டிருந்த கிணற்றைப் பாதியில் நிறுத்திவிட்டார். வராத லைனுக்காக அந்தக் கிணறு வருஷக்கணக்கில் அரைகுறையாகக் கிடந்தது. அன்றிலிருந்து கிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தன் மூன்றாம் பாதையை நேரில் போய்ப் பார்ப்பார். யாரும் கேட்காத வேலை. இங்கே கிணறு இருக்கிறது, வளை. இங்கே பள்ளிக்கூடம், வளை. இந்தப் புளியமரத்தடியில் சாயங்காலம் நாலு பேர் உட்காருகிறார்கள், வளை. கம்பெனிக்கு வளைவு வேண்டும், இவருக்கு நிம்மதி வேண்டும், இரண்டுக்கும் சரியாகப் போயிற்று.

இப்படியே போயிருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் மனுஷனுக்கு ஒரு குறை இருந்தது. அவர் போட்ட ஒரு லைன்கூட பூமியில் நிற்கவில்லை. மும்பைக்குப் போகும் வழியில் கம்பிகள் மலையேறிப் போவதைப் பார்த்து விசாலம் ஒரு தடவை ஆசையாக, "இது நீங்க போட்டதா?" என்று கேட்டாள்.

"இல்லை. இதுக்குப் பக்கத்துல போட்டேன்" என்றார் கிட்டு. அவளும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

விசாலத்துக்கு ஒரு தம்பி, பாலச்சந்திரன். விஷ்ராந்த்வாடியில் வீடு, கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை, எதையும் நாலு பேருக்குக் கேட்கிற குரலில் பேசுகிற சுபாவம். கெட்டவன் இல்லை. ஆனால் சபையில் யாரையாவது கொஞ்சம் இறக்கினால்தான் அவனுக்குப் பந்தி களைகட்டும். ஷிரூர் தாண்டி நிலம் வாங்கி ஒரு பண்ணை வீடு கட்டினான். கிரகப்பிரவேசத்துக்கு புணே ராஸ்தா பேட்டிலிருந்து தமிழ்ச் சமையல்காரர்களைக் கொண்டுவந்து இலை போட்டான். சாப்பாட்டுக்கு நடுவில், பக்கத்து இலைக்காரர்களான தன் ஆபீஸ் நண்பர்களுக்குக் கிட்டுவை அறிமுகம் செய்துவைத்தான்.

"இவர் எங்க அத்திம்பேர். கட்டவே போறதில்லேங்கற லைனுக்கெல்லாம் ப்ளான் போடறவர். இந்தத் தொழில்ல இந்தியாவுக்கே இவர் ஒருத்தர்தான்."

இலைக்கு இலை சிரிப்புப் பரவியது. கிட்டுவும் சிரித்தார். வாயில் ஜாங்கிரி இருந்தது, வேறொன்றும் செய்வதற்கில்லை. பாலு சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அன்று சாயங்காலமே மறந்திருப்பார். ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்பதுதான் தொண்டையில் நின்றது. அக்கா எப்போதோ வெள்ளந்தியாகச் சொன்னதைத் தம்பி பந்தியில் பரிமாறிவிட்டான். விசாலம் எதிர் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை ஆபீசில் ஒரு புது வேலை காத்திருந்தது. ஷிரூருக்கு அப்பால் ஒரு சோலார் பார்க். அங்கிருந்து புணேக்கு இப்பால் இருக்கும் துணைமின் நிலையம்வரை லைன். முதல் பாதையைப் போடும் பொறுப்பு மேலாளர் தேஜஸ்வினிக்கு. கெட்டிக்காரப் பெண். அவள் போட்ட பாதை ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராகப் போயிற்று. கிட்டு வழக்கம்போல் இரண்டையும் மூன்றையும் எடுத்துக்கொண்டார். மூன்றாம் பாதை தன் போக்கில் கிணறு, பள்ளிக்கூடம், மாட்டுக் கொட்டகை எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு வந்தது. சாட்டிலைட் படத்தில் கொஞ்சம் தள்ளி ஒரு புத்தம்புது சிவப்பு ஓட்டுக்கூரை தெரிந்தது. அது யாருடையது என்று கிட்டுவுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

தேஜஸ்வினி மீட்டிங்கில் இருந்தாள். கிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். மௌஸைப் பிடித்து, கோட்டின் அந்த ஒரு இடத்தை மட்டும் மெதுவாகத் தெற்கே இழுத்தார். அது நேரே பாலுவின் பூஜை அறைக்கு மேலே போய் உட்கார்ந்தது. அது பாவம் என்று பட்டது. கொஞ்சம் நகர்த்தி, அவன் பெருமையடித்துக்கொள்ளும் ஹோம் தியேட்டருக்கு மேலே கொண்டுவந்தார். ஒவ்வொரு வளைவுக்கும் காரணம் எழுத வேண்டும். இதற்கு 'நில அமைப்பு' என்று எழுதினார். அன்று மத்தியானம் அவருக்குச் சாப்பாடு ருசியாக இறங்கிற்று. யாருக்கும் நஷ்டமில்லை, மூன்றாம் பாதை இதுவரை ஜெயித்ததும் இல்லை, இனி ஜெயிக்கப்போவதும் இல்லை.

மூன்று பாதைகளும் பத்திரிகையில் வந்தன. ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதி அனுப்பலாம் என்று கீழே போட்டிருந்தது. எழுதி அனுப்பினார்கள். தேஜஸ்வினியின் நேர்கோடு ரோஜாப்பூ வளர்க்கும் கண்ணாடிக் கொட்டகைகளைக் குத்திக்கொண்டு போயிற்று. ஒரு கல்யாண மண்டபம், மாதுளைத் தோட்டங்கள், வாசலில் அலங்கார வளைவு வைத்த புது மனைப்பிரிவு, எல்லோரும் 'தாதா' என்று மரியாதையாகக் கூப்பிடுகிற ஒருவருடைய கல்லுடைக்கும் ஆலை, எல்லாம் அதே கோட்டில். போதாக்குறைக்கு, விமானங்கள் இறங்கும் திசையில் டவர் உயரம் கூடாது என்று ஒரு கடிதம். ஆட்சேபணை மூட்டை மூட்டையாக வந்து குவிந்தது. இரண்டாம் பாதையில் சிறுத்தை நடமாட்டம் இருக்கிறது என்று வனத்துறை கையை விரித்துவிட்டது.

மூன்றாம் பாதைக்கு வந்தது ஒரே ஒரு ஆட்சேபணை.

"கிட்டு காகா, இதைப் பார்த்தீங்களா" என்று தேஜஸ்வினி அவர் மேஜைக்கே எழுந்து வந்துவிட்டாள். அவர்கள் பேசியது மராத்தியில், காகா என்றால் சித்தப்பா. "உங்க ரூட்ல ஒரு கிணறு இல்லை, ஒண்ணைத் தவிர வீடும் இல்லை. ஒரே ஒருத்தர்தான் வேண்டாம்னு எழுதியிருக்கார். யாரோ பாலச்சந்திரனாம், விஷ்ராந்த்வாடி. நீளம் ஜாஸ்தி, செலவு ஜாஸ்தி, ஆனா சண்டை இல்லை. கம்பெனி இதுக்கே சரின்னுட்டாங்க. விசாரணை முடிஞ்சா உங்க லைனைக் கட்டப்போறாங்க."

கிட்டு முதலில் அந்தப் பெயரைத்தான் இன்னொரு தடவை படித்தார். பிறகுதான் அவள் சொன்ன கடைசி வாக்கியம் காதில் ஏறியது. உங்க லைன். ஏதோ காற்று வாங்கப் போகிற மாதிரி வராந்தாவுக்குப் போய் நின்றார். கீழே பல் ஆஸ்பத்திரி வாசலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவரைப் பார்த்துச் சிரித்தார். அந்த மனிதருக்குக் கோபம் வந்தது.

மறுநாள் சாயங்காலம் சாங்வியில் கிட்டுவின் வீட்டுக்குப் பாலு வந்தான். கையில் நோட்டீஸ். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"அத்திம்பேர், எவன் போட்டான் இந்த ரூட்டை? புத்தி இருக்கா அவனுக்கு? சுத்திவர அவ்வளவு காலி இடம் கிடக்கறது, என் ஹோம் தியேட்டர் மேலதான் வரணுமா?"

"நில அமைப்புன்னு போட்டிருக்கும்" என்றார் கிட்டு. குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"என்ன நில அமைப்பு? உங்க கம்பெனி லெட்டர்தானே இது? அந்த முட்டாள் யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"பெரிய ஆபீஸ். நெறைய பேர் போடறா."

விசாலம் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். "ஏன்னா, விசாரணை அன்னிக்கு நீங்களும் பாலு பக்கத்துல உக்காந்து நாலு வார்த்தை சொல்லுங்கோளேன். உங்களுக்கு இந்த பாஷையெல்லாம் தெரியும். அவன் ஆசையாக் கட்டின வீடு."

"அதேதான் அக்கா. இந்த ரூட்டே வேண்டாம்னு தள்ளுபடி பண்ணிடணும். அத்திம்பேர் ரூட்டைத் தோக்கடிக்கறதுல எக்ஸ்பர்ட். அவர் சொன்னா எடுபடும்."

கிட்டு காபியை ஆற்றினார். அது ஏற்கெனவே ஆறியிருந்தது. உண்மையைச் சொன்னால் வீட்டில் இனி மனுஷனாக நடமாட முடியாது. சொல்லாவிட்டால், பாலுவின் ஒரே ஆட்சேபணை ஜெயித்து, வாழ்நாளில் முதல் தடவையாகப் பூமிக்கு இறங்க வந்த தன் லைன் திரும்பவும் காகிதத்துக்கே போய்விடும். ஜெயிக்காமல் போனாலோ பாலுவின் வீடு போய்விடும். சத்தம் போடாமல் வளைவை மட்டும் நிமிர்த்திவிடலாமே என்றால், பத்திரிகையில் வந்த பாதையில் ஒரு முழம் நகர்த்தவும் விசாரணையில் காரணம் சொல்லியாக வேண்டும். என்ன காரணம் சொல்வது? ஜாங்கிரி சாப்பிடும்போது அவமானமாகிவிட்டது என்றா?

"வரேன்" என்றார் கடைசியில்.

விசாரணை தாலுகா அலுவலகத்துக் கூடத்தில். பாலுவின் காரில் மூவரும் போனார்கள். அங்கே தேஜஸ்வினி முன்வரிசையில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தாள். சுற்று வட்டாரக் கிராமத்துக்காரர்கள் கூடம் கொள்ளாமல் இருந்தார்கள். அவர்கள் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. டீ உண்டு என்று சொல்லியிருந்ததால் வந்திருந்தார்கள். விசாரித்த அதிகாரி ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு எதையும் அவசரப்படாமல் படிக்கிறவர். சுவரில் பாதையின் படத்தைப் பெரிதாக மாட்டியிருந்தார்கள்.

எல்லா விசாரணைகளிலும் வருகிற கேள்வி முதலில் வந்தது. தலைப்பாகை கட்டிய ஒருவர் எழுந்து, இந்த லைன் போனால் எங்கள் ஊருக்குக் கரண்ட் ஒழுங்காக வருமா என்று கேட்டார். அதற்குக் கிட்டுவிடம் மனப்பாடமான பதில் உண்டு. எழுந்து சொன்னார்: "இது பெரிய கரண்ட், அண்ணா. நேரே இறங்கி வீட்டுக்கு வராது. முதலில் துணைமின் நிலையத்துக்குப் போய், படிப்படியாகச் சின்னதாகித்தான் வரும்." தலைப்பாகைக்காரர் எல்லோரையும்போல் நம்பாமல் உட்கார்ந்தார்.

அடுத்து ஒரு கிராமத்தின் பஞ்சாயத்துத் தலைவி, சர்பஞ்ச் அம்மாள், எழுந்தாள். "ஆட்சேபணை ஒன்றும் இல்லை ஸாஹேப். ஒன்று சொல்ல வேண்டும். இதற்கு முன்னே குழாய்க்கு, ரோட்டுக்கு எத்தனையோ படம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். எல்லாம் எங்கள் அடுப்பங்கரை வழியாகத்தான் போகும். இந்தப் படத்தைப் போட்டவர் எங்கள் ஊரில் நடந்து பார்த்திருக்கிறார். பிள்ளைகள் விளையாடுகிற இடத்தைக்கூட சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். யாரோ தெரியவில்லை, அவர் நன்றாக இருக்கட்டும்."

கிட்டுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்தால் விசாலம் பார்ப்பாள் என்று, கூரையில் சுற்றாமல் நின்ற மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். எழுந்து நின்று 'நான்தான் அது' என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதைச் சொன்னால் பாலு வீட்டுப் பக்கம் வளைத்ததும் நான்தான் என்று சொன்னதாகும்.

அந்த அம்மாளின் பேச்சால் அதிகாரிக்கு ஆர்வம் வந்துவிட்டது. எழுந்துபோய்ப் படத்துக்கு முன்னால் நின்று, விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே போனார். கிணறு, வளைவு. பள்ளிக்கூடம், வளைவு. புளியமரம், வளைவு. விரல் ஓரிடத்தில் நின்றது.

"இது விசித்திரமாக இருக்கிறதே" என்றார். "இந்த லைனில் எல்லா வளைவும் வீட்டை விட்டு விலகிப் போகிறது. இந்த ஒரு வளைவு மட்டும் வீட்டைத் தேடிக்கொண்டு போகிறது. ஏன்?"

தேஜஸ்வினி ஃபைலைப் புரட்டினாள். "நில அமைப்பு என்று போட்டிருக்கிறது ஸார்."

"அந்த இடம் எனக்குத் தெரியும். பாக்ரி ரொட்டி தட்டினாற்போல் சமதரை. யார் போட்டது இது?"

தேஜஸ்வினி திரும்பிக் கிட்டுவைப் பார்த்தாள். பாலு அதைக் கவனித்துவிட்டான். விசாலம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிட்டு எழுந்தார். கம்ப்யூட்டர் தப்பு என்று சொல்லிவிடலாம். சொன்னால் மறுபடி சர்வே, மறுபடி பத்திரிகை, அதற்குள் கம்பெனி வேறு வழி பார்த்துக்கொள்ளும், லைன் போய்விடும். சர்பஞ்ச் அம்மாள் எந்தப் புண்ணியவான் என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

"நான்தான் ஸாஹேப்" என்றார். "அந்த வீட்டுக்காரர் என் மெஹுணா. மனைவியின் தம்பி."

மகாராஷ்டிரத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பின்வரிசையில் யாரோ ஒருவர் இருமினார். அடுத்தவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு கூடம் மொத்தமும் சிரித்தது. தலைப்பாகைக்காரர், கரண்ட் விஷயத்தில் கிட்டுவை நம்பாதவர், இதை முழுமனசாக நம்பித் தொடையில் தட்டிக்கொண்டார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ன செய்தார் அவர்?"

"நான் போடுகிற லைன் எதுவும் கட்டப்படுவதில்லை என்று பந்தியில் சொன்னார். அது உண்மைதான் ஸாஹேப். உண்மை என்பதால்தான் வளைத்தேன். தப்பு என்னுடையது."

அதிகாரிக்கும் சொந்தத்தில் மெஹுணா இருந்திருக்க வேண்டும். படத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு தேஜஸ்வினியிடம், "இந்த வளைவை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்றார்.

அவள் கால்குலேட்டரைத் தட்டினாள். "தடிமன் டவர் குறையும் ஸார். நீளமும் குறையும். ஒரு வீடும் படாது."

"ஆட்சேபணைக்காரரே, இனி உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

பாலு வாயைத் திறந்தான். எப்போதும் நாலு பேருக்குக் கேட்கிற குரல் அன்று அவனுக்கே கேட்கவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினான்.

"வளைவு நீக்கப்படுகிறது. மூன்றாம் பாதை ஏற்கப்படுகிறது" என்று அதிகாரி சொல்லச் சொல்ல குமாஸ்தா எழுதினார். நீக்கியதற்கு என்ன காரணம் எழுதுவது என்று கேட்டார் குமாஸ்தா. அதிகாரி யோசித்தார். "நில அமைப்பு என்றே எழுது" என்றார்.

திரும்பி வரும்போது பாலுவே வண்டியை ஓட்டினான். வாகோலியில் வழக்கமான நெரிசலில் வண்டி நின்றது. முன்னால் நின்ற கரும்பு லாரியைப் பார்த்துக்கொண்டே பாலு கேட்டான்.

"ஹோம் தியேட்டர்னு பாத்துதான் போட்டேளா அத்திம்பேர்?"

"முதல்ல பூஜை அறை மேல வந்துது. நகத்தினேன்."

"அதுவரைக்கும் க்ஷேமம்" என்றான் பாலு. லாரி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனபின், "நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கப்படாது" என்றான். கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விசாலம் பின்சீட்டில் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து புடவை மாற்றி, தோசைக்கல்லை அடுப்பில் போட்ட பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். என்ன வரப்போகிறதோ என்று கிட்டு தட்டோடு சமையலறை வாசலிலேயே நின்றார்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துண்டு போவேளே, நான் எங்கயோ சீட்டாடப் போறேள்னு நெனச்சிண்டிருந்தேன். கேட்டா சண்டை வருமேன்னு கேக்கலை."

"சீட்டா? எனக்கு ஜோக்கர் எதுன்னே தெரியாது."

"தெரியறது இப்போ." தோசையைத் திருப்பிப் போட்டாள். "பாலு வீட்டுப் பக்கம் வளைச்சது ஒண்ணுதான். யார் யாரோ வீட்டுக்காக விலக்கி வளைச்சது எவ்வளவு இருந்துது அந்தப் படத்துல. நான் அதைத்தான் பாத்துண்டிருந்தேன். இனிமே உங்க வேலை என்னன்னு யாராவது கேட்டா முழுசாச் சொல்லிடறேன்."

அவருக்கு அன்று முறுகலாக நாலு தோசை விழுந்தது.

லைன் எழும்பியது. வேலை நடக்கும்போது கிட்டு எத்தனை தடவை போய்ப் பார்த்தார் என்று கேட்காதீர்கள், விசாலமும் ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து போனாள். புளியமரத்துக்கு எதிரே லைன் திரும்புகிற இடத்தில் நின்ற தடிமன் டவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நன்னா குண்டா இருக்கு" என்றாள். அபாயப் பலகை மாட்டுவதற்கு முன்னால் தொட்டது, பயமில்லை.

அடுத்த கோடையில், கம்பியில் மின்சாரம் ஓடத் தொடங்கிய பிறகு, பாலு பண்ணை வீட்டில் ஒரு மத்தியான விருந்து வைத்தான். அதே ஆபீஸ் நண்பர்கள். தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் வயலுக்கு அப்பால் டவர்கள் வரிசையாக, இந்த வீட்டுப் பக்கம் திரும்பாமல், நேராகப் போவது தெரிந்தது. எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கால் நீட்டியபோது கரண்ட் போயிற்று. மின்விசிறிகள் நின்றன. புழுக்கம் கவிந்தது.

முகுந்த் என்கிற நண்பர் நியூஸ் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டே கேட்டார்: "இவ்வளவு பெரிய லைன் கண்ணெதிர்ல போறது, இங்க ஒரு ஃபேன் சுத்தலையே?"

கிட்டு தொண்டையைச் செருமினார். பதில்தான் மனப்பாடமாயிற்றே. ஆனால் பாலு முந்திக்கொண்டான்.

"அது பெரிய கரண்ட் முகுந்த். நேரா இறங்கி வீட்டுக்கு வராது. சப்ஸ்டேஷனுக்குப் போய், படிப்படியாச் சின்னதாகித்தான் வரும்." சொல்லிவிட்டு, வழக்கம்போல் நாலு பேருக்குக் கேட்கிற குரலில் தொடர்ந்தான். "போட்டது யாரு தெரியுமோ? எங்க அத்திம்பேர். லைன் முழுக்க ஒவ்வொருத்தர் வீட்டையும் விட்டு விலகிப் போறது. எங்க வீட்டைத் தேடிண்டு மட்டும்தான் வந்துது. அந்த மரியாதையை வேற யாருக்கும் அவர் பண்ணலை."

தாழ்வாரம் முழுக்கச் சிரிப்புப் பரவியது. விசாலம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். கிட்டுவும் சிரித்தார். இந்தத் தடவை அவர் வாயில் ஜாங்கிரி இல்லை.